முதல் தட்டு

வாங்கம்மா, உள்ளே வாங்க. கேட்டை நான் பூட்டிக்கொள்கிறேன், நீங்கள் பாப்பாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதற்குப் பூட்டு என்று பார்க்காதீர்கள், பழக்கதோஷம். திண்டுக்கல்லில் பிறந்துவிட்டு எதையும் திறந்துபோட்டு வைத்தால் ஊருக்கே மரியாதை இல்லை. செருப்பை வாசலில் விடாதீர்கள். கையோடு எடுத்து வந்து அந்த அலமாரிமேல் வையுங்கள். சீசருக்கு இந்த வயதிலும் தோல் ருசி போகவில்லை.

புரோக்கர் எங்கே? தெருமுனையிலேயே நின்றுவிட்டானா? அவன் அப்படித்தான். ஊரெல்லாம் வாய் போகும், இந்த கேட்டுக்குள் மட்டும் கால் வராது.

அந்த நாற்காலி வேண்டாம், அது பெர்லுடையது. நீங்கள் உட்கார்ந்தால் அவள் ஒன்றும் செய்துவிட மாட்டாள். பிறகு வந்து மோந்து பார்ப்பாள், யார் என்று நினைவில் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். நீங்கள் சோபாவில் உட்காருங்கள். பாப்பா எதற்கு மடியில்? கீழே விடுங்கள், தரை சுத்தமாகத்தான் இருக்கிறது. நாய் வளர்க்கிற வீடு நாறும் என்று யாராவது சொன்னால் இங்கே அழைத்துக்கொண்டு வாருங்கள், தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

என்ன வயது பாப்பாவுக்கு? இரண்டரையா? நல்லது. ரொம்ப நல்லது. நேராக நில்லு கண்ணு, ஆன்ட்டி பார்க்கட்டும். ம். என் பேத்தி சின்னுவும் இந்த உயரம்தான் இருப்பாள். இருப்பாள் என்றுதான் சொல்ல முடிகிறது. பொங்கலுக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அதற்கு வருகிறேன்.

மாடிச் சாவி இதோ, என் இடுப்பில்தான் இருக்கிறது. காட்டத்தான் போகிறேன். இரண்டு ரூம், பால்கனி, தண்ணீருக்குக் குறைவில்லை. வாடகையைப் பிறகு பேசிக்கொள்ளலாம், அதில் நமக்குள் தகராறு வராது. எனக்கு வேண்டியது குழந்தை உள்ள குடும்பம். ஊரில் மற்ற வீட்டுக்காரர்கள் குழந்தை என்றால் முகத்தைச் சுளிப்பார்கள், சுவரில் கிறுக்கும், குழாயைத் திறந்து விடும் என்று. நான் புரோக்கரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன், குழந்தை இல்லாதவர்களைக் கூட்டி வந்து என் நேரத்தை வீணாக்காதே என்று. சின்னக் குழந்தையாக இருக்க வேண்டும். போன மாதம் ஒருவர் எட்டாம் வகுப்புப் பையனோடு வந்தார். பனைமரம் மாதிரி நின்றான். அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

என்ன தேடுகிறீர்கள்? ஓ, நாய் வளர்க்கிறார்கள் என்றார்களே, ஒரு சத்தமும் இல்லையே என்றா? வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். அதற்குப் பெயர்தான் வளர்ப்பு. அந்த இரண்டு கதவு தெரிகிறதா, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் இருக்கிறார். நீங்கள் கேட்டைத் தொட்டதிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இடது கதவுக்குக் கீழே பாருங்கள், நிழல் விழுகிறதல்லவா? அது பெர்ல். அசையாமல் அப்படியே நிற்பாள். வலது பக்கம் சீசர். அவன் கட்டிலுக்கு அடியில் இருப்பான், சோம்பேறி.

முன்பு நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு நாய் வைத்திருப்பவர்களே நமக்குப் புத்தி சொல்ல வருவார்கள். நான்கு வைத்துப் பார்க்கட்டும், பிறகு பேசட்டும். பெர்ல்தான் முதலில் வந்தவள். ராஜபாளையம் நாய், சுத்த வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். எங்கள் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் வேலையாக இருந்தபோது ராஜபாளையம் போய்த் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். சீசர் லேப்ரடார், என் மகள் ஸ்வர்ணா காலேஜ் படிக்கும்போது அழுது அடம்பிடித்து வாங்கியது. வாங்கினாள், கல்யாணம் ஆயிற்று, கோயம்புத்தூர் போனாள், நாயைச் சீதனமாக எனக்குக் கொடுத்துவிட்டாள். பிரவுனி தெருநாய். ஒரு மழைக்கு ஒதுங்கினது, போகவே இல்லை. கடைசியாக டைனி. மாடியில் குடியிருந்த கணக்கு டீச்சரம்மா முதியோர் இல்லத்துக்குப் போகும்போது விட்டுப் போனார். பொமரேனியன். பஞ்சு மிட்டாய்க்கு நான்கு கால் முளைத்த மாதிரி இருப்பான்.

போன வருஷம் ஆடி மாதம் வரை சோறு வைப்பது எங்கள் வீட்டுக்காரர். அவர் பெயர் தண்டபாணி. பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்கிற கதையெல்லாம் எனக்குக் கிடையாது, நான் கான்வென்டில் படித்தவள். அவர் வைக்கிற லட்சணம் இருக்கிறதே, ஜமீன் பந்தி தோற்றுவிடும். முதல் தட்டு பெர்லுக்கு. அவள் வாய் வைத்த பிறகுதான் சீசருக்கு. அப்புறம் பிரவுனி. கடைசியில், எல்லோரும் நக்கி முடிக்கிற நேரத்தில், அந்தத் துளியூண்டு டைனிக்கு. எனக்கு வயிறு எரியும். ஏன் இப்படி என்று கேட்டால், "அதுங்களே வச்சுக்கிட்ட வரிசை சுலோ, நாம எதுக்கு அதுல கை வைக்கணும்" என்பார். நாய் சொல்லி மனுஷன் கேட்கிற வீடு.

ஆடியில் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோற்றுக் குண்டான் என் கைக்கு வந்தது.

வந்த அன்றைக்கே வரிசையை மாற்றினேன். எங்கள் கான்வென்டில் ஒரு சட்டம் உண்டு. பிரேயருக்கு நிற்பதானாலும் சரி, சாப்பாட்டுக்குப் போவதானாலும் சரி, குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். சிஸ்டர் பிலோமினா அடிஸ்கேலோடு நிற்பார். ஆறாம் வகுப்பு வரைக்கும் என் வகுப்பில் நான்தான் குட்டை. நான்தான் முதல் தட்டு. என் வீட்டில் நான் ஐந்து பெண்களில் நான்காவது, எங்கள் அம்மா கையால் எனக்குச் சூடாக ஒரு தோசை விழுந்ததாக நினைவில்லை. அந்தச் சட்டம் இருந்ததால்தான் நான் சூடாகச் சாப்பிட்டேன். அதனால் எனக்குத் தெரியும் அதன் அருமை. பெரியதாக இருக்கிறது என்பதற்காக ஒன்றுக்கு முதல் மரியாதை கொடுப்பது காட்டுமிராண்டித்தனம்.

ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு வாங்கிப் பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொண்டுவந்தேன். கடைக்காரன், டைனிங்கிறது யாரு மேடம், பேத்தியா என்றான். சின்ன மணி ஒன்று வைத்தேன். மணி அடித்தால் வரிசை. டைனி முதல், பிரவுனி இரண்டாவது, சீசர் மூன்றாவது, பெர்ல் கடைசி.

நம்ப மாட்டீர்கள், பெர்ல்தான் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். எவ்வளவு பொறுமை அவளுக்கு! மற்றவை எச்சில் வடித்துக்கொண்டு குதிக்கும். இவள் பின்னால் கல் மாதிரி நிற்பாள். வாலை ஆட்ட மாட்டாள், கண்ணைச் சிமிட்ட மாட்டாள், டைனி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில நேரம் மேல் உதட்டைக் கொஞ்சம் தூக்கிப் பல்லைக் காட்டுவாள். நான் இவரைக் கூப்பிட்டு, பாருங்கள் உங்கள் மகள் சிரிக்கிறாள் என்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பார்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம், உறுமினாள். டைனி தட்டில் வாய் வைத்தால் அடித்தொண்டையில் ஒரு உறுமல். மாவு மில் தூரத்தில் ஓடுகிற மாதிரி. எனக்கு அது ஆகவே ஆகாது. சாப்பிடுகிற இடத்தில் என்ன சத்தம்? அடிஸ்கேலால் தரையில் ஒரு தட்டு. கேட்கவில்லை என்றால் மூக்கில் ஒன்று. லேசாகத்தான். நீங்களும் கான்வென்டில் படித்திருந்தால் உங்களுக்குப் புரியும். இவருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"உறுமினா உறுமிட்டுப் போகட்டும் சுலோ. அது என்ன கெட்ட வார்த்தையா பேசுது? கிட்ட வராதேன்னு சொல்லுது. அந்த ஒரு வார்த்தையையும் பிடுங்கிட்டா அப்புறம் அது எப்படித்தான் சொல்லும்?"

சொல்லவே வேண்டாம் என்றேன். எங்கள் கான்வென்ட் ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில் அத்தனை பெண்கள் உட்கார்ந்திருப்போம், ஈ பறந்தால் கேட்கும். யாரும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். ஒரே ஒரு பெண் மட்டும், மரகதவல்லி என்று பெயர், அதிர்ந்து பேச மாட்டாள், ஒருநாள் பக்கத்தில் இருந்தவள் கையில் காம்பஸால் குத்திவிட்டாள். ஏன் குத்தினாள் என்று யாருக்கும் தெரியாது. சில பேருக்குப் பிறவிக் குணம் அப்படி.

பெர்ல் உறுமலை நிறுத்தினாள். அதற்கப்புறம் இன்றுவரை அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. பால்காரர் கேட்பார், "பெரிய நாய் இருக்கா செத்துப்போச்சாம்மா?" என்று. அந்தப் பெருமை என்னுடையது.

பாப்பா, அந்தக் கதவுகிட்ட என்ன? இல்லை இல்லை, விடுங்கள், விளையாடட்டும். தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. பாருங்கள், நிழல் நகர்ந்து அவள் பக்கமாக வந்துவிட்டதே. வாசனை பிடிக்கிறாள். நல்ல அறிகுறி.

அப்புறம் ஐப்பசி மழை. ஒரு வாரமாக விடாத மழை, நான்கையும் வெளியே விட முடியவில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் நாலு நாய், பதினாறு கால். போதாததற்குத் தீபாவளி. விடிந்ததிலிருந்து வெடிச் சத்தம். இவருக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல், படுத்திருந்தார். நல்ல நாளும் அதுவுமாக டைனிக்கு ஈரல் ஒரு துண்டு கூடுதலாகப் போட்டு மணி அடித்தேன். வரிசை சரியாக வந்தது. முதல் தட்டை வைத்தேன். சாமி விளக்கு அணைகிற மாதிரி இருந்தது, திரியைத் தூண்டிவிட்டு வரலாம் என்று திரும்பினேன்.

தட்டு உருளுகிற சத்தம்தான் கேட்டது. வேறு ஒரு சத்தமும் இல்லை. குரைக்கவில்லை, கத்தவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், பெர்ல் டைனியைக் கவ்வி ஓர் உதறு உதறினாள். ஈரத்துணியைக் கொடியில் போடுவதற்கு முன்னால் உதறுவோமே, அந்த மாதிரி. பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு டைனியின் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டாள். அவள் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

வெடிதான் காரணம். அன்றைக்கு இந்தத் தெருவில் போட்ட வெடிக்கு மனுஷனுக்கே புத்தி பேதலித்துவிடும். அத்தோடு பொமரேனியனுக்குப் பொதுவாகவே இதயம் பலவீனம். மாதுளைச் செடிக்குக் கீழே புதைத்தோம். இவர் காய்ச்சலோடு எழுந்து வந்து குழி தோண்டினார். தோண்டி முடித்துவிட்டு, "இனிமே பெர்லுக்கு முதல்ல வை" என்றார். கொலை செய்தவளுக்குப் பரிசா என்று கேட்டேன். மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார். இந்த மனிதருக்கு வாதம் பண்ணத் தெரியாது.

ஏன், பாப்பாவை ஏன் இழுத்து உட்கார வைக்கிறீர்கள்? பயமா? பயப்படுகிற ஆளைத்தான் நாய் மோப்பம் பிடிக்கும். கதையைக் கேளுங்கள். கேட்டால் பயம் போய்விடும்.

டைனி போனால் வரிசை போய்விடுமா? அடுத்த குட்டை பிரவுனி. அவளுக்கு முதல் தட்டு. தெருவில் எச்சில் இலையைப் பொறுக்கினதுக்கு இந்த வீட்டில் முதல் மரியாதை கிடைத்தால் எப்படி இருக்க வேண்டும்? நன்றியோடு இருக்க வேண்டும். தட்டைப் பார்த்தாலே பின்வாங்கினாள். காலை மடக்கிப் படுத்துக்கொள்வாள். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வந்துதான் சாப்பிட வைக்க வேண்டும். சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படுகிற தெருநாயை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? கார்த்திகை தீபத்தன்று பெர்ல் அவள் காலைப் பிடித்துவிட்டாள். பின்னங்கால். எலும்பு தெரிந்தது. நானும் இவரும் வாளியில் தண்ணீர் ஊற்றித்தான் பிரித்தோம்.

கால்நடை டாக்டர் தையல் போட்டுவிட்டு, இதுகளை ஒன்றாக விடாதீர்கள் என்றார். அவர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான். அன்றிலிருந்து வீடு டைம்டேபிள்படி நடக்கிறது. ஒரு கதவு திறந்தால் இன்னொரு கதவு மூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பாள், தாழ்ப்பாளுக்கு மேல் பூட்டு. பெர்ல் ஹாலில் இருக்கும் நேரத்தில் இவர் பெட்ரூமை விட்டு வெளியே வரக் கூடாது. பிரவுனி முற்றத்தில் இருக்கும் நேரத்தில் பாத்ரூமுக்குப் போக முடியாது. ஒருநாள் பேப்பர் எடுக்க வந்தவர் காலை முழுக்க மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார், நான் மார்க்கெட் போயிருந்தேன். வந்து திறந்ததும், "என்னை எந்த ரூம்ல அடைச்சிருக்கேன்னு உனக்கு ஞாபகம் இருந்தா சரி" என்றார். அவருக்குக் கிண்டல் ஜாஸ்தி.

சோற்று நேரத்தில் மட்டும் எல்லாக் கதவும் திறக்கும். சாப்பாடு என்றால் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிரவுனி அப்புறம் ஓடிப்போனாள். மூன்று காலோடு அந்தச் சுவரை எப்படித் தாண்டினாள் என்று இன்றுவரை புரியவில்லை. இப்போதும் டீக்கடை பக்கம் நிற்பாள். நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள், நொண்டிக்கொண்டு. நான் கூப்பிட்டால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. நன்றி கெட்ட ஜென்மம்.

மிச்சம் இரண்டு பேர். சீசர், பெர்ல். அடிஸ்கேல் வைத்தே அளந்தேன், சீசர் இரண்டு விரல் குட்டை.

பொங்கலுக்கு ஸ்வர்ணா வந்தாள், மாப்பிள்ளை, சின்னு எல்லோரும். வந்த உடனே மாப்பிள்ளை, "இது வீடா ஜெயிலா அத்தை" என்று கேட்டார். அவர் வீட்டில் ஒரு செடி உயிரோடு இருக்காது, இவர் பேசுகிறார். வந்ததிலிருந்து அவர்கள் இருவரும் அப்பாவோடு சேர்ந்து குசுகுசு என்று என்னவோ பேசினார்கள். பெர்லை ராஜபாளையத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமாம், யாரோ தோட்டக்காரர் கேட்டாராம். வயசான காலத்தில் அவளைத் தள்ளிவிட வேண்டுமாம். வயசானால் தள்ளிவிடுவது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது பாருங்கள்.

அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். இந்த வீட்டில் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்று காட்டிவிட்டால் பேச்சு நின்றுவிடும். சின்னுவுக்குச் சீசர்மேல் கொள்ளை ஆசை, கழுத்தைக் கட்டிக்கொண்டே திரிந்தாள். மாலையில் இரண்டு கதவையும் திறந்தேன். மணி அடித்தேன். சீசர் தட்டைச் சின்னு கையில் கொடுத்து, "போய் வை கண்ணு" என்றேன். அவ்வளவுதான்.

பெர்ல் வந்தாள். அவள் வருவது யாருக்கும் கேட்காது, அப்படி ஒரு நடை. இவர் எங்கிருந்தோ பாய்ந்து நடுவில் கையைக் கொடுத்துவிட்டார். நாய்க்கும் தட்டுக்கும் நடுவில் கையைக் கொடுக்கலாமா? படித்த மனிதர்தானே? வலது கை. மூன்று மாதம் வைத்தியம் பார்த்தார்கள். இரண்டு விரல் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார். ஸ்பூனில் சாப்பிடுவது சுத்தம் என்று நான் கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அப்போது கேட்டிருக்கலாம்.

பெர்ல் சின்னு கழுத்துக்குத்தான் போனாள் என்கிறாள் ஸ்வர்ணா. பக்கத்தில் நின்றது நான், எனக்குத் தெரியாதா? அவள் தட்டுக்குப் போனாள். தட்டு யார் கையில் இருந்தது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு ராத்திரியே கிளம்பிவிட்டார்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஃபோன் பண்ணினால் ஸ்வர்ணா எடுப்பதில்லை. இவர் எடுப்பார், சாப்பிட்டாயா என்பார், மழை பெய்கிறதா என்பார், வைத்துவிடுவார். ஒரே ஒருநாள் ஸ்வர்ணா பேசினாள். "அம்மா, பெர்ல் அந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் சின்னு அங்க கால் வைக்க மாட்டா. அப்பாவும் வர மாட்டாரு. உனக்கு யாரு வேணும்னு நீயே முடிவு பண்ணு." அவ்வளவுதான் பேச்சு. பெற்ற அம்மாவிடம், ஏதோ வேலைக்காரியிடம் சொல்கிற மாதிரி.

நான் அழவில்லை. எனக்கு அழுகை வராது. இந்த வீட்டில் காலையில் எழுந்தால் இரண்டு டம்ளரை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன், அவ்வளவுதான். சின்னு வந்தால் கொடுக்க வேண்டும் என்று பால்பவுடர் வாங்கி வைத்தேன். அது கட்டி கட்டியாக உறைந்துவிட்டது.

ஆனால் யோசித்தேன். எங்கே பிசகியது என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒருநாள் சட்டென்று புரிந்தது. வரிசையில் தப்பு இல்லை. வரிசையில் சின்னுவைச் சேர்க்கவே இல்லையே, அதுதான் தப்பு! அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் விடக் குட்டை யார்? சின்னு. அவளுக்கென்று ஒரு தட்டு கொடுத்து, அவளை முதலில் நிறுத்தி, அவள் சாப்பிட்ட பிறகு சீசருக்கு என்று வைத்திருந்தால் பெர்லுக்குக் குழப்பமே வந்திருக்காது. நாய்க்குச் சட்டம் தெளிவாக இருக்க வேண்டும். விதிவிலக்கு வைத்தால் அது என்ன செய்யும் பாவம்?

இதை ஃபோனில் சொன்னேன். இவர், "சுலோ, யாரு குழந்தையையும் அந்த வீட்டுக்குள்ள கூப்பிடாதே" என்றார். கெஞ்சுகிற மாதிரி. வயதாகிறது அவருக்கு.

சொல்லிப் புரிய வைக்க முடியாது, காட்டித்தான் புரிய வைக்க வேண்டும். ஒரே ஒரு வீடியோ போதும். சின்னு வயதில் ஒரு குழந்தை, கையில் தட்டு, பக்கத்தில் பெர்ல் அமைதியாக நிற்கிறாள். அதை அனுப்பினால் ஸ்வர்ணா மறுநாளே பஸ் ஏறுவாள். பத்து மாதமாக இதற்குத்தான் குடும்பம் தேடுகிறேன். வருகிறவர்கள் எல்லாம் மாடியைப் பார்க்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்கிறார்கள், கேட்டைத் தாண்டினதும் ஃபோனை எடுப்பதில்லை. நீங்கள்தான் பொறுமையாக உட்கார்ந்து முழுதாகக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல வளர்ப்பு.

இருங்கள், எங்கே எழுந்திருக்கிறீர்கள்? மாடியைத்தானே பார்க்க வேண்டும், பார்க்கலாம். கேட் சாவி மாடிச் சாவியோடுதான் இருக்கிறது, ஒரே கொத்து, தேடி எடுக்க வேண்டும். அவர்களுக்குச் சோற்று நேரம் வந்துவிட்டது. இதை ஒத்திப்போட்டால் பெர்லுக்குப் பிடிக்காது. இரண்டே நிமிடம். இந்த ஃபோனைப் பிடியுங்கள். சிவப்பு வட்டத்தைத் தொட்டால் போதும், தானாக ஓடும். குறுக்கே பிடியுங்கள், அப்போதுதான் இரண்டு பேரும் முழுதாக விழுவார்கள்.

பாப்பா, இங்கே வா கண்ணு. பிஸ்கெட் பிடிக்குமா? இந்தா தட்டு. பேர் வெட்டியிருக்கு பார், டி, ஐ, என், ஒய். அதனால் என்ன, உன் பேரைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். நெஞ்சுக்கு நேராகப் பிடி. சமர்த்து. இந்த வீட்டில் இப்போது யார் குட்டை? நீதான் குட்டை. குட்டைக்குத்தான் முதல் தட்டு. நீ ஒரு வாய் சாப்பிட வேண்டும், அப்புறம் சீசர் அண்ணா, அப்புறம் பெர்ல் அக்கா. ஓடக் கூடாது. சத்தம் போடக் கூடாது. இந்த வீட்டில் யாரும் சத்தம் போட மாட்டோம்.

மணி எங்கே வைத்தேன்? ஆங்.

சீசரைப் பாருங்கள், கதவைத் திறந்தும் கட்டிலை விட்டு வர மாட்டேன் என்கிறான். கிடக்கட்டும். பெர்ல்! வாடி ராஜாத்தி. பார்த்தீர்களா, எப்படி வருகிறாள், நகம் தரையில் படுகிற சத்தம்கூட இல்லை.

ஏம்மா, பாப்பாவை எதற்குத் தூக்குகிறீர்கள்? தூக்காதீர்கள். தோளில் ஏற்றினால் அவள் எல்லோரையும் விட உயரமாகிவிடுவாள், வரிசை கெட்டுவிடும். இறக்கி விடுங்கள், தட்டு விழப் போகிறது. கதவுப் பக்கம் போகாதீர்கள், கேட் பூட்டியிருக்கிறது என்றேனே. அப்படியே நில்லுங்கள். நகராதீர்கள்.

அதோ பாருங்கள், உதட்டைத் தூக்குகிறாள். சிரிக்கிறாள், என் தங்கம். வீடியோ ஓடுகிறதா?